ஃப்ரெஷ்மேன் என்றால் யார்? அமெரிக்கக் கல்லூரி சாக்கரின் முதலாண்டு விருது

போன ஆகஸ்ட்டில் ஒரு சாயங்காலம், வட கரோலினாவில் நாங்கள் இருக்கும் கேரி என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு கல்லூரி மைதானத்துக்குப் பயிற்சி ஆட்டம் பார்க்கப் போயிருந்தோம். வெயில் இறங்கின பிறகும் அலுமினிய பெஞ்ச் தோசைக்கல் மாதிரி சுட்டது. உள்ளே நுழையும்போது கையில் ஒரு தாளைத் திணித்தார்கள்: சட்டை எண், பெயர், எந்த இடத்தில் ஆடுகிறவர், உயரம், எந்த ஆண்டு மாணவர், சொந்த ஊர். ஒன்பதாம் எண் சட்டைக்காரர் இடைவேளைக்கு முன்பே இரண்டு கோல் போட்டுவிட்டார். முழுத் தாடி, அகலத் தோள், எதிரணிப் பையன்கள் இவர்மேல் மோதிவிட்டுத் தாங்களே விழுகிறார்கள். யாரென்று தாளில் தேடினால், ஆண்டுக்கான கட்டத்தில் ‘எஃப்ஆர்’ என்று இருக்கிறது. ஃப்ரெஷ்மேன். நம் பாஷையில் ஃபர்ஸ்ட் இயர்.

“இவனா ஃபர்ஸ்ட் இயர்? கல்யாணமே ஆகியிருக்கும் போலிருக்கே” என்றேன். கூட வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண், பத்தாவது போகப்போகிறவள், ஒரு கிளப் அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டம் ஆடுகிறவள், என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். “அங்கிள், ஃப்ரெஷ்மேன்னா வயசு இல்ல. அது வேற கணக்கு.”

அந்த வேற கணக்கு என்ன என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் எனக்கு இந்த விருது புரிந்தது. அமெரிக்கக் கல்லூரி சாக்கரில் (நாம் ஃபுட்பால் என்பதைத்தான் இவர்கள் சாக்கர் என்கிறார்கள், ஃபுட்பால் என்று சொன்னால் இங்கே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்ளும் ஆட்டம்) ஒவ்வொரு வருஷமும் ‘ஃப்ரெஷ்மேன் ஆஃப் தி இயர்’ என்று ஒரு விருது கொடுக்கிறார்கள். அந்த வருஷம் புதிதாக ஆட வந்தவர்களில் யார் சிறந்தவர் என்பதற்கான விருது. கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது! சிக்கல் எல்லாம் ‘புதிதாக வந்தவர்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

முதலில் அடிப்படை. இங்கே நான்கு வருஷப் படிப்பில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பெயர் உண்டு: ஃப்ரெஷ்மேன், சாஃபமோர், ஜூனியர், சீனியர். பெண்ணாக இருந்தாலும் ஃப்ரெஷ்மேன்தான், அது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். கல்லூரி சாக்கர் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பயிற்சி முகாம் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிடும், ஹாஸ்டலில் மற்ற மாணவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவதற்கும் முன்னால். அதனால் ஒரு வகுப்புக்குக்கூடப் போகாத பையன் கல்லூரிக்காக முதல் கோல் அடித்திருக்கலாம். விருதுகளில் முதலில் வருபவை நவம்பர் முதல் வாரம் வாக்கில் அறிவிக்கப்படுகின்றன, முதல் செமஸ்டர் பரீட்சையோ டிசம்பரில். சிறந்த முதலாண்டு ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர் முதலாண்டில் ஒரு செமஸ்டர் பரீட்சைகூட எழுதியிருக்க மாட்டார்! மூன்று மாதம், சுமார் இருபது ஆட்டம், அவ்வளவுதான் இந்த விருது பார்க்கும் காலம்.

அடுத்து, ஒரே ஒரு விருது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை என்சிஏஏ என்ற அமைப்பு நடத்துகிறது. அதில் மேல்மட்டம் டிவிஷன் ஒன்று. அங்கே மட்டும் பெண்கள் சாக்கரில் சுமார் 350 அணிகள், ஆண்கள் சாக்கரில் 200க்குச் சற்று மேல். பெண்கள் அணிகள் ஏன் அதிகம் என்றால், 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம். கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்கிற சட்டம் அது, விளையாட்டுக்கும் பொருந்தும். ஹெல்மெட் ஃபுட்பால் ஒன்றே ஆண்கள் பக்கம் எண்பத்தைந்து உதவித்தொகைகளை விழுங்கிக்கொண்டிருந்ததால், பெண்கள் பக்கம் ஆள் அதிகம் தேவைப்படும் ஓர் ஆட்டத்தைத் தேடின கல்லூரிகளுக்கு சாக்கர் வசதியாக அமைந்தது. இத்தனை அணிகளும் ஒன்றோடு ஒன்று ஆட முடியாது இல்லையா, அதனால் கான்ஃபரன்ஸ் என்று குழு குழுவாகப் பிரிந்திருக்கிறார்கள்: ஏசிசி, பிக் டென், எஸ்இசி, பிக் ஈஸ்ட், ஐவி லீக் என்று நீளும் பட்டியல். கிட்டத்தட்ட ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்கென்று முதலாண்டு விருது கொடுக்கிறது, ஆண்கள், பெண்கள் இரண்டு ஆட்டத்தையும் நடத்தினால் ஆளுக்கொன்று. அதற்கு மேலே தேசிய அளவில், சாக்கர் அமெரிக்கா, டாப்டிராயர் சாக்கர் மாதிரி இந்த ஆட்டத்தையே எழுதிப் பிழைக்கிற ஊடகங்கள், நாடு முழுக்கப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆக ஒரே வருஷத்தில் பல டஜன் பேர் ‘ஃப்ரெஷ்மேன் ஆஃப் தி இயர்’ ஆகலாம். யாராவது பேச்சுவாக்கில் “அவன் ஃப்ரெஷ்மேன் ஆஃப் தி இயர்” என்று சொன்னால், எங்கே என்று கேட்காமல் அசந்துபோகக் கூடாது.

(கான்ஃபரன்ஸ் என்றால் பக்கத்துப் பக்கத்து ஊர்க் கல்லூரிகள் என்று ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. 2024இல் பசிபிக் கடலோரத்து ஸ்டான்ஃபோர்டு, அட்லான்டிக் பெயரை வைத்திருக்கிற ஏசிசியில் சேர்ந்தது. எல்லாம் ஹெல்மெட் ஃபுட்பாலின் டிவி பணம் படுத்துகிற பாடு. சாக்கர் ஆடும் பிள்ளைகள் ஒரு லீக் ஆட்டத்துக்காக இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குப் பறக்கிறார்கள்.)

பெயரிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. சில இடங்களில் ‘ஃப்ரெஷ்மேன்’ என்று இருக்கும், ஐவி லீக் மாதிரி சில இடங்களில் ‘ரூக்கி’ என்று இருக்கும், இன்னும் சில இடங்களில் ‘நியூகமர்’ என்று தனியாக ஒன்றும் இருக்கும். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நியூகமர் அப்படியில்லை, வேறு கல்லூரியில் இரண்டு வருஷம் ஆடிவிட்டு இங்கே மாறி வந்தவருக்கும் அது கிடைக்கலாம். அந்தக் கல்லூரிக்குத்தான் அவர் புதுசு, ஆட்டத்துக்கு இல்லை.

சரி, இப்போது தாடிக்காரருக்கு வருவோம்.

ஒரு கல்லூரி மாணவருக்கு என்சிஏஏ கொடுக்கும் அளவு இது: ஐந்து வருஷத்துக்குள் நான்கு சீசன் ஆடிக்கொள்ளலாம். வகுப்பில் எந்த வருஷம் என்பது ஒரு கடிகாரம், எத்தனை சீசன் தீர்த்திருக்கிறார் என்பது இன்னொரு கடிகாரம். இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பையன் சேர்ந்த வருஷம் முழுக்கப் பயிற்சிக்கு மட்டும் வருகிறான், ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை என்று வையுங்கள். அந்த சீசன் அவன் கணக்கில் கழியாது. அடுத்த வருஷம் வகுப்பில் இரண்டாமாண்டு, மைதானத்தில் முதலாண்டு. இவனை ரெட்ஷர்ட் ஃப்ரெஷ்மேன் என்பார்கள். 1937இல் நெப்ராஸ்கா கல்லூரியில் ஓர் ஆட்டக்காரர் இந்த வருஷம் பயிற்சி மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கி, எண் இல்லாத சிவப்புச் சட்டையில் பயிற்சி செய்தாராம், அதிலிருந்து வந்த பெயர் என்று ஒரு கதை சொல்கிறார்கள். தாளில் இது ‘ஆர்-எஃப்ஆர்’ என்று இருக்கும். முட்டி போய் ஒரு வருஷம் உட்கார்ந்தவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள். சேர்ந்த வருஷமே நேராக ஆட இறங்குகிறவர் ட்ரூ ஃப்ரெஷ்மேன். அதாவது அசல்.

வயதைக் கூட்டும் வேறு வழிகளும் உண்டு. யூட்டாவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் மார்மன் திருச்சபையினுடையது. அங்கே படிக்கிறவர்கள் பலர் படிப்பை நிறுத்திவிட்டு மதப்பணிக்குப் போவார்கள், பெண்கள் ஒன்றரை வருஷம், ஆண்கள் இரண்டு வருஷம். அந்தக் காலம் ஐந்து வருஷக் கணக்கில் சேராது. கட்டாய ராணுவ சேவை உள்ள நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் அப்படியே. திரும்பி வந்து ஆடும்போது இருபது, இருபத்தொன்று ஆகியிருக்கும், தாளில் இன்னும் எஃப்ஆர்.

ஆனால் ஆண்கள் சாக்கரில் பெரிய கதை வெளிநாட்டுப் பையன்கள்தான். ஐரோப்பாவில் ஏதோ ஒரு பெரிய கிளப்பின் அகாடமியில் எட்டு வயதிலிருந்து வளர்ந்து, பதினெட்டிலோ பத்தொன்பதிலோ “உனக்கு இங்கே ஒப்பந்தம் இல்லை, கிளம்பு” என்று சொல்லப்பட்டவன், ஒன்றிரண்டு வருஷம் கீழ்மட்ட லீக்கில் ஆடிப் பார்த்துவிட்டு, படிப்பும் கிடைக்கும் ஆட்டமும் கிடைக்கும் என்று அமெரிக்கக் கல்லூரிக்கு வருகிறான். பள்ளிப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை என்சிஏஏ பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் ஒழுங்கமைந்த போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு சீசனைக் கழித்துவிடும் என்பதுதான் சாக்கரில் நான் அறிந்த பழைய விதி. எனவே இருபத்தொரு வயதில் வருகிறவன் வகுப்பில் ஃபர்ஸ்ட் இயராக இருந்துகொண்டே மைதானக் கணக்கில் சாஃபமோராக இருக்கலாம், கணக்கு வசதியாக விழுந்தால் அசல் ஃப்ரெஷ்மேனாகவே இருந்தும்விடலாம். எங்கள் ஒன்பதாம் எண்ணின் சொந்த ஊர்க் கட்டத்தில் ஒரு ஜெர்மன் நகரத்தின் பெயர் இருந்தது. அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு எஃப்ஆர், மே மாதம்தான் பக்கத்து ஊர் ஹைஸ்கூலை முடித்த, மீசை அரும்பாத பையன். அந்தத் தாளைப் பொறுத்தவரை இரண்டு பேரும் ஒன்று. விருதிலும் பெரும்பாலும் அப்படித்தான், யாரைத் தகுதியானவராக எடுத்துக்கொள்வது என்ற நுணுக்கம் மட்டும் விருதுக்கு விருது கொஞ்சம் மாறும்.

இது அநியாயம் என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. விருதின் பெயரிலேயே இளையவர் என்ற சொல் கிடையாது, முதலாண்டு என்றுதான் இருக்கிறது. ஆனால் ஆண்கள் விருதைப் பார்த்து “அடடா, பதினெட்டு வயதில் இப்படி ஆடுகிறானே” என்று வியப்பதற்கு முன் பிறந்த வருஷத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. பெண்கள் பக்கம் இந்தக் குழப்பம் குறைவு, அங்கே விருது வாங்குகிறவர் பெரும்பாலும் நிஜமாகவே பதினெட்டு.

கோவிட் வந்தபோது இந்த இரண்டு கடிகாரமும் சேர்ந்து கெட்டுப்போயின. 2020 சீசன் பல கான்ஃபரன்ஸ்களில் 2021 வசந்தத்துக்குத் தள்ளிப்போனது, சில இடங்களில் நடக்கவே இல்லை. அந்த வருஷச் சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் மே மாதம் எங்கள் கேரி மைதானத்தில் நடந்தன. அந்த சீசனில் ஆடியவர் யாருக்கும் அது கணக்கில் கழியாது என்று என்சிஏஏ அறிவித்தது. நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் 2021 இலையுதிர் காலத்தில் பார்த்தால் ஒரே அணியில் இரண்டு செட் ஃப்ரெஷ்மேன்கள்! போன வருஷம் முழுக்க ஆடிவிட்டு இன்னும் முதலாண்டுக் கணக்கிலேயே நிற்கிறவர்கள் ஒரு பக்கம், இப்போதுதான் பெட்டியைப் பிரிக்கிறவர்கள் மறுபக்கம்.

இன்னொரு பழைய செய்தி. முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணிக்காக ஆடவே கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. முதல் வருஷம் ஒழுங்காகப் படிக்கட்டும் என்ற எண்ணம். 1968இல் சாக்கர் உள்ளிட்ட பெரும்பாலான ஆட்டங்களுக்கு அதைத் தளர்த்தினார்கள், ஹெல்மெட் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் 1972இல். அதற்கு முன்னால் இப்படி ஒரு விருதுக்கு அர்த்தமே இருந்திருக்காது.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கான்ஃபரன்ஸ் விருது என்றால் பெரும்பாலும் அந்த கான்ஃபரன்ஸின் கோச்சுகள் வாக்குப் போடுவார்கள், தன் அணி ஆட்டக்காரருக்குத் தானே வாக்குப் போட முடியாது என்பது வழக்கமான நிபந்தனை. எனக்கு இது பிடிக்கும். உன்னை எதிர்த்து ஆடித் தோற்றவர்தான் உனக்கு வாக்குப் போட வேண்டும். தேசிய விருதுகளில் ஊடகங்களின் ஆசிரியர் குழு முடிவு செய்கிறது. அங்கே பெரிய கான்ஃபரன்ஸ் பெயர்கள் முதலில் கண்ணில் படுவது இயற்கை.

வாக்குப் போடுகிறவர் கையில் புள்ளிவிவரமும் இருக்கும். கல்லூரிக் கணக்கில் ஒரு கோலுக்கு இரண்டு புள்ளி, கோலுக்கு வழி அமைத்துக் கொடுத்ததற்கு ஒரு புள்ளி. இரண்டு பேர் சேர்ந்து வழி அமைத்தால் இரண்டு பேருக்கும் புள்ளி உண்டு. இந்தக் கணக்கில் ஒரு லெஃப்ட் பேக் வருஷம் முழுக்கத் தன் பக்கம் ஒருவரையும் விடாமல் காத்தாலும் ஏட்டில் முட்டைதான். அதனால் விருது முன்வரிசை ஆட்டக்காரர்கள் பக்கமே சாய்கிறது, நடுவரிசைக்காரர்களுக்கும் அவ்வப்போது கிடைக்கும், தடுப்பாட்டக்காரருக்கும் கோல்கீப்பருக்கும் அபூர்வம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ‘ஆல் ஃப்ரெஷ்மேன் டீம்’ என்று பதினொரு பேர் சொச்சம் கொண்ட ஒரு கற்பனை அணியையும் கூடவே அறிவிக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பட்டியலில்தான் அக்கறை. லெஃப்ட் பேக் ஆயிற்றே.

முதலாண்டில் நன்றாக ஆடுவது ஏன் பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளப்பில் ஆடும்போது வாரக் கடைசியில்தான் ஆட்டம் இருக்கும். இங்கே வாரத்துக்கு இரண்டு. ஏசிசியில் பெண்கள் பெரும்பாலும் வியாழன் ஒன்று, ஞாயிறு ஒன்று. வியாழன் ராத்திரி ஆட்டம், வெள்ளி காலை வகுப்பு, சனி விமானம், ஞாயிறு ஆட்டம், திங்கள் காலை திரும்பவும் வகுப்பு. போதாததற்கு, வெளியே போன ஆட்டக்காரர் இரண்டாம் பாதியில் ஒரு தடவை திரும்ப வரலாம் என்று கல்லூரி ஆட்டத்தில் தனி விதி, உலகக் கோப்பையில் இது கிடையாது. அதனால் கோச்சுகள் அலை அலையாக ஆளை மாற்றுவார்கள், ஆட்டத்தின் வேகம் குறையவே குறையாது. இருபத்திரண்டு வயது சீனியரின் தோள் ஒரு தடவை இடித்தால் பதினெட்டு வயதுக்காரருக்கு உலகம் புரிந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் அம்மா சமையல் இல்லாத முதல் மூன்று மாதம் வேறு.

வாங்கினவர்கள் என்ன ஆனார்கள்?

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். ஏபி வாம்பாக், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் ஊர்ப் பெண், 1998இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தக் கல்லூரியில் பெண்கள் சாக்கர் அணியே 1995இல்தான் தொடங்கியது. அணியின் நான்காவது வருஷம், அதாவது அதே 1998இல், தேசிய இறுதி ஆட்டத்தில், அதுவரை இந்தப் பட்டத்தைச் சொத்து மாதிரி வைத்திருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தை 1-0 என்று ஃபுளோரிடா சாய்த்தது. வாம்பாக் அந்த வருஷம் எஸ்இசியின் ஃப்ரெஷ்மேன் ஆஃப் தி இயர். பிற்பாடு அமெரிக்காவுக்காக 184 கோல், அது அப்போது உலக சாதனை.

அந்த சாதனையை 2020 ஜனவரியில் முறியடித்தவர் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர். அவர் 2001இல் போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெஷ்மேன். அந்த ஒரு சீசனில் 23 கோல், புள்ளிக் கணக்கில் கோலே 46 ஆகிவிடுகிறது. சாக்கர் அமெரிக்கா அவரைத் தேசிய ஃப்ரெஷ்மேன் ஆஃப் தி இயர் ஆக்கியது. மொத்தம் 190 சர்வதேச கோல்களோடு 2023இல் ஓய்வு பெற்றார். உலகத்தில் ஆண், பெண் எவர் கணக்கிலும் அதுவரை அதைவிட அதிகம் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சின்க்ளேர் கல்லூரிக்கு வரும்போதே கனடா தேசிய அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர், பதினாறு வயதில் 2000ஆம் ஆண்டிலேயே அறிமுகமாகிவிட்டார். ஃப்ரெஷ்மேன் என்ற சீட்டு ஒட்டியிருந்தாலும் அவர் எந்த விதத்தில் புதுசு? இன்னும் ஒன்று, 2003இல் உலகக் கோப்பை ஆடுவதற்காகக் கல்லூரி சீசனை அப்படியே விட்டுவிட்டார். அவர் கல்லூரியில் ஆடிய வருஷங்கள் 2001, 2002, 2004, 2005. நடுவில் அந்த ஓட்டை. ஐந்து வருஷம், நான்கு சீசன் என்று மேலே சொன்ன கணக்கு அப்படியே இங்கே பொருந்தும். கடைசி சீசனில் 39 கோல் அடித்துக் கோப்பையோடு போனார்.

ரோஸ் லவேல் 2013இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிக் டென் ஃப்ரெஷ்மேன் விருது வாங்கினவர், 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நடுவிலிருந்து பந்தைத் தள்ளிக்கொண்டே போய் இடது காலால் அடித்தாரே, அவரேதான்.

ஆண்கள் பக்கம் எனக்குப் பிடித்த உதாரணம் ஜாக் ஹாரிசன். மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியில் இருந்த இங்கிலாந்துப் பையன். அத்தனை பேரில் கடைசியில் மிஞ்சுவது எத்தனை பேர் என்று யோசித்த அவருடைய அம்மா, பதினாலு வயதில் அவரை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் போர்டிங் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார். யுனைடெட்டை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடமா என்று ஊரே சிரித்திருக்கும். 2015இல் எங்கள் மாநிலத்து வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு சீசன், ஏசிசி ஃப்ரெஷ்மேன் ஆஃப் தி இயர், உடனே கல்லூரியை விட்டு அமெரிக்கத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் சாக்கருக்குப் போய்விட்டார். 2016 டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசைப்படி பொறுக்கிக்கொள்ளும் நிகழ்ச்சி) முதல் ஆளாக சிகாகோ ஃபயர் அவரை எடுத்து, நியூயார்க் சிட்டி எஃப்சிக்கு மாற்றிக் கொடுத்தது. அங்கிருந்து இங்கிலாந்து, லீட்ஸ் யுனைடெட், பிரீமியர் லீக். பிறந்த நாட்டின் லீக்குக்கு அமெரிக்கக் கல்லூரி வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தவர்.

இதைப் பார்த்துவிட்டு, இந்த விருது வாங்கினால் நட்சத்திரம்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். நான் நமக்குத் தெரிந்த பெயர்களை மட்டும் பொறுக்கியிருக்கிறேன். பல டஜன் விருதுகள் வருஷா வருஷம் என்றால், வாங்கிவிட்டு இன்று கணக்கராகவோ பல் டாக்டராகவோ இருப்பவர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். மறுபக்கம், பெரிய ஆட்டக்காரர்களில் இந்த வாசலுக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். லிண்ட்சி ஹோரன் 2012இல் வட கரோலினா பல்கலைக்கழக அணியில் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று விட்டுப் பள்ளியிலிருந்து நேராக பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் என்ற தொழில்முறை கிளப்புக்குப் போனார். மேலரி பியூ 2017இல் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஓர் அதிகாரபூர்வ ஆட்டம்கூட ஆடாமல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். டிரினிட்டி ராட்மன் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருஷம் கோவிட் வருஷம், சீசன் தள்ளிப்போனது. அவர் காத்திருக்கவில்லை. 2021 ஜனவரி டிராஃப்டில் பதினெட்டு வயதில் இரண்டாவது ஆளாகப் போய், அந்த வருஷமே தொழில்முறை லீக்கின் ரூக்கி ஆஃப் தி இயர் ஆனார். கல்லூரி ஃப்ரெஷ்மேன் விருதுப் பட்டியலில் அவர் பெயர் வர வழியே இல்லை, ஆடினால்தானே.

இப்போது இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டியிருக்கும் என்ற பயம் இருந்தது. 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இணையப் பட்டியல் வந்தது. மாறிப் போக விரும்புகிறவர் அதில் பெயரைப் போட்டால் எந்தக் கல்லூரியும் அணுகலாம். 2021இலிருந்து எந்த ஆட்டமானாலும் முதல் தடவை மாறுகிறவர் உட்காரவே வேண்டாம், பிறகு அந்த ஒரு தடவைக் கட்டுப்பாடும் போய்விட்டது. இதில் பாதிக்கப்படுவது சின்ன கான்ஃபரன்ஸ்கள். யாரும் கவனிக்காத ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, மூன்று மாதத்தில் அவளை ரூக்கி ஆஃப் தி இயர் ஆக்குகிற கோச், கைதட்டி முடிப்பதற்குள் ஜனவரியில் அவள் பெரிய கல்லூரி ஒன்றின் சட்டையில் நிற்பதைப் பார்க்க நேரும். விருது கிட்டத்தட்ட வரன் தேடுகிற விளம்பரம் மாதிரி வேலை செய்கிறது. ஆட்டக்காரருக்கு இது நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த கோச் தன் மாணவிக்கு விருது கிடைக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்வாரா என்று எனக்குச் சந்தேகம்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து பார்க்கிங்கில் நடக்கும்போது, “நீயும் ஒருநாள் இந்த விருது வாங்கணும்” என்று நாம் எல்லோரும் பிள்ளைகளிடம் சொல்கிற மாதிரி நானும் சொல்லித் தொலைத்தேன். பத்தாவது முடித்த வருஷத்து ஜூன் 15ஆம் தேதியிலிருந்துதான் கல்லூரி கோச்சுகள் ஒரு சாக்கர் ஆட்டக்காரரை நேராகத் தொடர்புகொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த ராத்திரி பன்னிரண்டு மணிக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டாம். “அங்கிள், அதுக்கு முன்னாடி யாராவது எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பணும்” என்றாள்.

இந்த வருஷம் அவள் பத்தாவது முடிக்கிறாள். அவள் அம்மா காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார், அதே வாரத்தில் ஒரு டிரைவிங் வகுப்பும் இருக்கிறது.